ஸ்டேட்டஸ் வைத்தாயா?

திருமலையில் கோயில் எதிரே ரீல்ஸ் எடுத்தால் சட்ட நடவடிக்கை என்று 2025 ஜூலையில் தேவஸ்தானம் எச்சரித்தது. மலையிறங்கினால் எல்லாம் தலைகீழ். திருப்பதியிலும் சித்தூரிலும் ஜவுளிக்கடைச் சிப்பந்திப் பெண் ரீல்ஸ் எடுக்காவிட்டால்தான் நடவடிக்கை.

காலையில் நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். டியூட்டியில் போன் கூடாதாம். கவனம் சிதறுமாம். மாலை நாலு மணிக்கு அதே போன் வெளியே வருகிறது. இப்போது தாராளமாகச் சிதறலாம். பட்டுப்புடவையைத் தோளில் போட்டு, முந்தானையைக் கேமரா பக்கம் விரித்து, தமிழில் ஒரு ஆடித் தள்ளுபடி, தெலுங்கில் ஒரு ஆஷாடம் ஆஃபர். சிரிப்பு போதவில்லையா? இன்னொரு டேக். காலையிலிருந்து நிற்கிற கால் கேமராவில் தெரியாது.

அந்த ரீல்ஸை அவள் தன் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும். டேட்டா அவள் காசு. பார்ப்பவர்கள் அவள் சித்தி மகள்களும் பள்ளித் தோழிகளும். ராத்திரிக்குள் ஸ்டேட்டஸ் வைத்ததற்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும். போடாதவர் பெயர் மறுநாள் மீட்டிங்கில் வாசிக்கப்படும். தனியார் நிறுவனங்களின் வேலை நேரத்தை நாளுக்கு 9 மணி நேரத்திலிருந்து 10 ஆக்க ஆந்திர அமைச்சரவை 2025 ஜூனில் முடிவெடுத்தது. இந்த ராத்திரி ஸ்டேட்டஸ் எந்தக் கணக்கில், அமைச்சர்களே?

முதலாளியைக் கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா" என்பார். லாபம் என்று வந்தால் மட்டும் பாகப்பிரிவினை எப்போதோ முடிந்திருக்கும். அதே புடவையை டி.வி.யில் காட்டும் நடிகைக்கு லட்சங்கள். இவளுக்கு 'பெஸ்ட் ஸ்டாஃப்' என்று ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

கூகுளில் ஐந்து நட்சத்திர மழை வேறு. "சர்வீஸ் சூப்பர்!" எழுதியது பில் போடுகிற பையன். சமூக ஊடகத்தில் ஒரு பொருளைப் புகழ்பவர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டி. விளம்பரம் பொய்யென்றால் முதல் முறைக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொருளைப் பரிந்துரைத்தவர் தலையிலும் அது விழலாம். அதைக் கட்டும்போது குடும்பம் வருமா?

ஒருநாள் அவள் அதே போனில், "ஓவர்டைம் காசு இன்னும் வரலை" என்று ஸ்டேட்டஸ் வைக்கட்டும். யாரும் கேட்காமலே ஸ்கிரீன்ஷாட் முதலாளிக்குப் போய்விடும். குடும்ப மானம் போயிற்றாம். மாலையில் குரூப்பிலிருந்து நீக்கம். காலையில் வேலையிலிருந்து. அவள் நடித்த ரீல்ஸை மட்டும் நீக்க மாட்டார்கள். தீபாவளி சீசன் பாக்கியிருக்கிறதே.