போலி நிவாரணி நீக்கியல்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். சேலையூரைச் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆய்வுப் பொருள், வீட்டுக் கம்ப்யூட்டரில் அழையாமல் குடியேறி, "உங்கள் கணினியில் 38 வைரஸ்" என்று அலறிக் காசு கேட்கும் போலி ஆன்டிவைரஸ். அதை எப்படி நீக்குவது என்று கணினி வல்லுநர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். நீக்க விடாமல் வீட்டில் தடுப்பது யார், ஏன் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

இதன் செவ்வியல் காலம் விண்டோஸ் எக்ஸ்பி கோலோச்சிய காலம். 2005 வாக்கில் 'ஸ்பைஷெரிஃப்', 'வின்ஃபிக்ஸர்' ஆகியோர் நிலத்தைப் பண்படுத்தி வைக்க, 2008இல் 'ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008' அரியணை ஏறியது. அந்த வருடம் முடியுமுன்பே 'ஆன்டிவைரஸ் 2009' வந்துவிட்டது. பஞ்சாங்கம் போல அடுத்த வருடத்தை முன்கூட்டியே அச்சடித்துவிடுவார்கள். வாழிடம், ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் துணி போர்த்திய மானிட்டர், கீழே கீச்சிடும் யு.பி.எஸ்., ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து ஆட்டோவில் மடியில் வந்த சிபியு. உள்ளே இருந்த எக்ஸ்பி எந்தக் கடையில் விலைக்கு வாங்கியது என்று யாரும் கேட்டதில்லை. அப்டேட் போட்டால் திருட்டுக் காப்பி பிடிபடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். நோய்க்கு வாசல் அதுவே.

நோய் வேலை செய்யும் விதத்தில் ஒரு கலை இருந்தது. ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும் பிரௌசருக்குள்ளேயே 'மை கம்ப்யூட்டர்' ஜன்னல் மாதிரி ஒரு படம் விரியும். சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் சிவப்பாகும். பச்சைப் பட்டை ஓடும். எல்லாம் வெறும் படம். 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனாலும், லினக்ஸில் இல்லவே இல்லாத சி டிரைவில் வைரஸைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அளவுக்குத் திறமை. பயந்து ஓகே அடித்தால் நிஜமாகவே ஒரு புரோகிராம் உள்ளே இறங்கும். பிறகு நோட்பேடைத் திறந்தால் நோட்பேடில் வைரஸ் என்று சொல்லி மூடிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதிலும் வைரஸ். தன்னைத் தவிர எல்லாவற்றிலும் வைரஸ்.

இங்கேதான் ஆய்வின் மையக் கருதுகோள் வருகிறது. வீட்டார் போலியை நம்புவதற்குக் காரணம் அறியாமை அன்று. போலி உழைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கே7 என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையிலேயே பிறந்த அசல் ஆன்டிவைரஸ். நம்ம ஊர்ப் பிள்ளை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகானாக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். போலியோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து எச்சரிக்கும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சொன்ன கூற்று கள ஆய்வில் பதிவாகியுள்ளது: "டேய், நீ போட்டது ஒரு வைரஸாவது கண்டுபிடிச்சிருக்கா? இது வந்த அன்னிக்கே 38 புடிச்சிருக்கு. இதைப் போய் எடுக்கணும்ங்கறியே."

அவர் காசு கட்டவும் தயாராகத்தான் இருந்தார். தாம்பரத்தைக் காப்பாற்றியது கிரெடிட் கார்டு இல்லாமை. 30 முதல் 70 டாலர் வரை கேட்ட அந்தக் கட்டணத்துக்கு "டி.டி. எடுத்து அனுப்பினா ஒத்துக்குவானாடா?" என்று அவர் விசாரித்திருக்கிறார். டி.டி. போய்ச் சேர்ந்திருந்தால் உக்ரைனின் கீவ் நகரத்துக்குப் போயிருக்கும். இந்தச் சரக்குகளில் பலவற்றைத் தயாரித்த இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற கம்பெனி அங்கேதான் இயங்கியது. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2010இல் சிகாகோவில் தாக்கலான குற்றப்பத்திரிகை, 60க்கும் மேற்பட்ட நாடுகளில் 10 லட்சத்துக்கும் மேலான பிரதிகள் விற்று 10 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாகச் சொன்னது. வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் சமாதானம் சொல்ல கால் சென்டர் வேறு வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் சேவையில் அசலைவிடப் போலி ஒரு படி மேல் என்பதை ஆய்வாளன் வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கீவைப் பழிப்பானேன். ஆபீஸ் டிப்போ என்ற பெரிய அமெரிக்கக் கடை கம்ப்யூட்டருக்கு 'ஹெல்த் செக்' செய்து கொடுத்தது. மெஷின் மெதுவாக ஓடுகிறதா, பாப்-அப் வருகிறதா என்று முதலில் நாலு கேள்வி. ஒன்றுக்கு டிக் அடித்தாலும் வைரஸ் அறிகுறி உண்டு என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் அதுபாட்டுக்கு ஓடும், முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் 2.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

இனி நீக்கல். இப்பகுதி என் நுதலிற்றோ எனின், பார்மட் அடிப்பதா வேண்டாமா என்பது நுதலிற்று. வட்டாரத்தில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது கேம்ப் ரோடு மரபு. "வயரெல்லாம் கழட்டிட்டு சிபியு மட்டும் எடுத்துட்டு வாங்க அங்கிள்" என்பது இதன் முதல் சூத்திரம். சிபியு ஸ்கூட்டரில் இரு கால்களுக்கு நடுவே பயணம் போய், மறுநாள் மாலை சுத்தபத்தமாகத் திரும்பும். மெஷின் பறக்கும். சவுண்டு மட்டும் வராது, மதர்போர்டு டிரைவர் சி.டி. வீட்டில் எங்கோ இருக்கிறது. டெஸ்க்டாப் என்பதும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்ற உண்மை, அங்கே வைத்திருந்த வளைகாப்புப் போட்டோக்கள் போன பிறகே குடும்பத்துக்குத் தெரியவரும். இம்மரபைப் பற்றி நான் இதற்குமேல் எழுதினால் கோபப்பட்டு எழுதுவேன்.

இரண்டாவது, குரோம்பேட்டை மரபு. இதன் ஆசிரியர்கள் இன்ஜினீயரிங் படிக்கும் அக்கா பையன்கள். எக்ஸ்பி லோகோ வருமுன் எஃப் 8 பட்டனை விடாமல் தட்டி 'சேஃப் மோடு வித் நெட்வொர்க்கிங்' போக வேண்டும். போலி பெரும்பாலும் அங்கே எழுந்திருக்காது. எழுந்தால், ஆர்கில் என்ற சிறு கருவியை ஓட்டி அதன் கழுத்தைப் பிடிக்க வேண்டும். ஆர்கில் தன் பெயரிலேயே போனால் போலி உள்ளே விடாது. ஆகவே 'ஐ-எக்ஸ்புளோர்' என்று பெயர் மாற்றிக்கொண்டு நுழையும். தன் காசு வரும் வழி பிரௌசர் என்பதால் அதை மட்டும் போலி தடுப்பதில்லை. பிறகு மால்வேர்பைட்ஸ் ஸ்கேன். பாதியில் கரண்ட் போகும், திரும்ப முதலிலிருந்து. கடைசியில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் போலி திருட்டுத்தனமாக வைத்துவிட்டுப் போன பிராக்ஸி டிக்கை எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு பி.எஸ்.என்.எல்.லுக்குப் போன் செய்து நெட் வரவில்லை என்று சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பிற்காலம் சப்பென்று இருக்கிறது. இன்றைய போலிக்குக் கம்ப்யூட்டருக்குள் இறங்கும் சிரமம்கூட வேண்டாம். ஏதோ ஒரு தளத்தில் 'அலோவ்' என்று கேட்டால் அழுத்திவிடுகிறோம். அன்றிலிருந்து "மெக்காஃபி காலாவதி" என்று மூலையில் நோட்டிஃபிகேஷன் வந்தபடி இருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் முடிந்தது, பார்மட் வேண்டாம். முழுத் திரையையும் மறைத்துக்கொண்டு இந்த எண்ணைக் கூப்பிடு என்று கத்தினால் கூப்பிடாமல் எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது ஆல்ட்டோடு எஃப் 4. கூப்பிட்டுப் பணமும் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். இப்படி எண் கொடுத்து ஏமாற்றும் கும்பல்களையும் தேடி 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்று நாடெங்கும் சோதனை போட்டது.

பெரியப்பா வீட்டில் இப்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர்தான். அது அவ்வப்போது, ஸ்கேன் செய்தேன், ஆபத்து எதுவும் கண்டறியப்படவில்லை என்று ஒரு வரி அறிக்கை கொடுக்கும். சென்ற வாரம் அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"ஒண்ணுகூட இல்லியாம்டா. சரியாத் தேடலைன்னு நினைக்கிறேன்."