செத்த குதிரையை எண்ணிப் பாருங்க மாப்ள

டெம்போ மேல ஏறி வந்த வண்டிக்கு வேகம் பத்தலீன்னு நீங்க கவலைப்படறது நெம்ப நாயமுங்க மாப்ள. நடக்கமாட்டாத மாடுதான் ரேக்ளாவுக்குப் பேரு குடுக்கும்.

வாங்குனது என்னமோ நல்ல சாதி வண்டி. 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ்ல செஞ்சது. உருவத்தை வரைஞ்சவரு மிக்கலாட்டிங்கற இத்தாலிக்காரரு. இங்கிலாந்துல 1962ல வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயருங்கற ஸ்போர்ட்ஸ் காரையும் அவருதான் வரைஞ்சாரு. சேஸும் எஞ்சினும் கூட ரெண்டுக்கும் ஒரே வம்சம். ஆக, உங்க ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்குப் பங்காளி. பங்காளி ஊட்டுல இருக்கறது நம்மூட்டுலயும் இருக்கோணும்னு துடிக்கறது கொங்கு நாட்டுக்குப் புதுசுங்களா? அதனால லண்டன்ல இருந்து ரெட்டைக் கார்ப்ரேட்டரு தருவிக்கறீங்க, ரேஸ் கேம் ஷாஃப்டு தருவிக்கறீங்க. தருவியுங்க. அதுக்குள்ள இந்தக் கெழவன் சித்தெ பழமை பேசிக்கிறேன்.

ஸ்பிட்ஃபயரு 1147 சி.சி., 63 குதிரை. உங்களுது 948 சி.சி., புதுசுல 35 குதிரை. ரெண்டுலயும் பிஸ்டன் மேல கீழ போற தூரம் அதே 76 மி.மீ. தாங்க. துளைதான் வேற: அவிங்களுது 69.3, நம்முளுது 63. "அப்ப போரிங் போட்டு அகலமாக்கீட்டாப் போச்சு"ன்னு நீங்க வாயெடுக்கறது தெரியுது. ஆறு மி.மீ. அறுத்தா சிலிண்டருக்குள்ள தண்ணி வந்துரும், மாப்ள. அப்புறம் அதைக் கெணத்து மோட்டாராத்தான் விக்கோணும். இங்கிலீசுக்காரனே துளையைப் பெருசாக்க, சிலிண்டரை இடம் மாத்திப் புது பிளாக்கு வாத்தான். நம்ம பட்டறையில தகிரியமா அறுக்கறது ஒரு மி.மீ. அதுல மொத்தமே 30 சி.சி. ஏறும். இருமல் மருந்து மூடியில ரெண்டு மூணு. குதிரைக் கணக்குல ஒண்ணு, ஒண்ணேகால்.

அதனால புதுக் குதிரை வாங்கறதுக்கு முந்தி, இருந்த 35ல எத்தனை செத்துப் போச்சுன்னு எண்ணுங்க. நாலு பிளக்கையும் கழட்டுங்க. காயில் ஒயரைப் புடுங்கி வெச்சுருங்க. ஒரு பையனை உள்ள உக்கார வெச்சு, ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிக்கச் சொல்லிச் செல்ஃப் அடிக்க விடுங்க. கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு ஓட்டையா வெச்சு எழுதிக்குங்க. மூணு ஒரே மாதிரி காட்டி ஒண்ணு மட்டும் கீழ கெடந்துதுன்னா, அந்த ஓட்டையில ஒரு கரண்டி ஆயிலை ஊத்தி மறுக்கா அடிங்க. முள்ளு ஏறுனா ரிங்கு தேஞ்சு போச்சு. ஏறலீன்னா வால்வு உக்காரலீங்க, இல்லாட்டி கேஸ்கெட்டு போயிருக்குது. அந்தப் பையனையே கிளட்சை மிதிக்கச் சொல்லிட்டு, நீங்க முன்னால கிராங்க் புல்லியைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி அது முன்னுக்கு வந்துதுன்னா, உள்ள இருக்கற பிறை மாதிரி த்ரஸ்ட் வாஷரு தேஞ்சு கீழ விழப் போகுது. இந்த வம்சத்துக்கே அது குலச் சீக்கு. அதைக் கவனிக்காம ரெட்டைக் கார்ப்ரேட்டரு மாட்டுனா, கிராங்கும் பிளாக்கும் ஒட்டுக்கா கைலாசம் போயிரும்.

நம்ம கோயமுத்தூரு ஜி.டி. நாயுடு சின்ன வயசுல வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேற ஆணி வேறயாக் கழட்டி மாட்டித்தான் தொழில் கத்துக்கிட்டாருன்னு சொல்வாங்க. நீங்களும் கழட்டியிருக்கறீங்க, பார்த்தேன். அவரு மாட்டவும் மாட்டுனாரு.

உருப்படியான வேலைக்கு லண்டனுக்குப் போகவே வேண்டாமுங்க. மோட்டாரு ரோட்டரைப் பேலன்ஸ் பண்ற மெசினு கணபதி, பீளமேடு பக்கம் இருக்குது; கிராங்கையும் பிளைவீலையும் அங்க ஏத்துங்க. நாலு பிஸ்டன், நாலு கனெக்டிங் ராடை நகைப் பட்டறைத் தராசுல எடை போட்டு, கனமானதைத் தேச்சு ஒண்ணாக்குங்க. ஹெட்டுல ஓட்டையும் மேனிஃபோல்டு ஓட்டையும் நேருக்கு நேரு நிக்குதான்னு கேஸ்கெட்டை வெச்சுப் பாருங்க. நிக்காத பக்கம் அரத்தை எடுங்க. எஞ்சின் ஆத்தரமில்லாமச் சுத்தும். போட்டோவுல இது எதுவும் தெரியாது, அதுதான் உங்களுக்கு வருத்தம்.

பெட்ரோலைப் பத்தியும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பெட்ரோல்ல ஈயம் இருந்துது. வால்வு உக்கார்ற இடத்துக்கு அதுதான் மெத்தை. 2000த்தோட ஈயம் போச்சு. ஹெட்டைத் தொறக்கறப்பவே எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டியான சீட்டு அடிச்சுருங்க. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதம் எத்தனாலு. சாராயந்தானுங்களே, வண்டி தண்ணி போடற காலம். பழைய ரப்பர் ஓசையெல்லாம் அது அரிச்சுப்போடும், கார்ப்ரேட்டரு ஜெட்டும் ஒரு நம்பரு பெருசா வேணும்.

ரேஸ் கேம் மட்டும் எனக்குப் புடிபடலீங்க. அது பந்தி முடிஞ்சு எலை எடுக்கறப்ப வந்து சேர்ற சமையக்காரனாட்ட, எஞ்சின் 4,000 சுத்துக்கு மேல போனப்புறந்தான் வேலையைக் காட்டும். கீழ் சுத்துல இருக்கற இழுவையையும் புடுங்கிக்கும். காந்திபுரம் சிக்னல்ல நீங்க எப்ப 4,000 சுத்தப் போறீங்க? உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் மேம்பாலம் இருக்குதுன்னு சொல்வீங்க. அதுக்கும் நாயுடு பேருதான் வெச்சிருக்கறாங்க, கேமராவும் வெச்சிருக்கறாங்க.

சரி, 63 குதிரையும் வந்துருச்சுன்னே வெச்சுக்குவோம். நிறுத்தறது ஆரு? ஸ்பிட்ஃபயருக்கு முன்னால டிஸ்க் பிரேக்கு. உங்களுக்கு நாலு பக்கமும் டிரம்மு. பின்னால இருக்கறது ஸ்விங் ஆக்சில். வளைவுல வேகமாப் போயி பயந்து காலை எடுத்தீங்கன்னா, வெளிப்பக்கச் சக்கரம் அடியில மடங்கி வண்டி பின்னாலிருந்து சுத்தும். இந்த ஆக்சிலை நம்மூரு மெக்கானிக்கும் நம்பல, வாங்கறவனும் நம்பல. அதனாலதான் 1970கள்ல ஸ்டாண்டர்டு கம்பெனி கெசல்னு வண்டி விட்டப்ப, அதே எஞ்சினை வெச்சுக்கிட்டு ஆக்சிலை மாத்திப்போட்டாங்க. ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. ஒவ்வொண்ணுலயும் குலதெய்வத்தைக் கூப்புடறதுக்குப் பதிலா, மொதல்ல பிரேக்குக்குச் செலவு பண்ணுங்க. வேகந்தான் வேணும்னா செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது. அந்தப் பேருக்குரிய கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வெச்சே ஒத்தை சீட்டு ரேஸ் காரு கட்டுன மனுசன். வளைவுல வண்டி சுத்துனா அங்க எதுக்க லாரி வராது.

கடைசியா ஆர்.டி.ஓ. சமாச்சாரம். 2021ல வந்த விதிப்படி, 50 வயசு தாண்டுன வண்டியை வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாம். கட்டணம் 20,000 ரூவா. ஆனா சேஸ், பாடி, எஞ்சின்னு பெருசா எதையும் மாத்தியிருக்கப்படாது. எடையை ஒண்ணாக்குனது, வால்வு சீட்டு அடிச்சது, ரிங்கு போட்டது எல்லாம் பழுது பார்த்த கணக்குல போயிரும். ரெட்டைக் கார்ப்ரேட்டருதான் சிக்கலு. மத்த வண்டியாச்சும் மூடியைக் கொஞ்சூண்டு தூக்கிக் காட்டி அனுப்பிப்போடலாம். ஹெரால்டுல மூடியைத் தூக்குனா மட்கார்டு, லைட்டு எல்லாஞ் சேர்ந்து மூஞ்சியே முன்னால கவுந்து, டயர் மேல உக்காந்து எஞ்சினைப் பார்க்கற மாதிரி தொறந்து குடுத்துரும். இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி கூடப் போட வேண்டியதில்லீங்க.