தேக்கு வைத்த சிபியு

2000 வாக்கில் கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். எங்களுடையது ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. வெளிறிய சந்தன நிறத்தில் தகரப் பெட்டி. மானிட்டர் ஒருவர் மடியில், சிபியு இன்னொருவர் மடியில் என்று எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியது.

அதற்கு இடம் வேண்டுமே. கூடத்திலிருந்த ஷட்டர் வைத்த டிவியை வெளியேற்றினோம். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா டிவிகளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இழுத்து மூட மரக்கதவு. சிலவற்றில் பூட்டுகூட உண்டு. பரீட்சை சமயத்தில் சாவி அப்பாவிடம் போய்விடும். “மரப்பெட்டியெல்லாம் இன்னும் எதுக்கு?” என்று கேட்டுப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டோம்.

புதியவருக்கோ ராஜமரியாதை. ஃப்ரில் வைத்த உறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். மேஜை மட்டும் மரம். அதாவது, மரத்தூளை அழுத்திய பலகைமேல் மரம்போல அச்சடித்த தாள். முதல் மழைக்காலத்திலேயே ஓரம் உப்பிவிட்டது.

இப்போது அக்கா மகன் முறை. அவனுடைய கேபினட் கறுப்பு. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கல்யாண மண்டபத்துக்குப் போதுமான விளக்கு. அது அவனுக்கு அலுத்துவிட்டதாம். “மாமா, மரம் வெச்சா கிளாஸா இருக்கும்” என்றான். ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் 2022-இல் ‘நார்த்’ என்றொரு கேபினட்டை விற்பனைக்கு விட்டது. முகப்பில் வால்நட் அல்லது ஓக் பட்டைகள். இங்கே விலை பத்தாயிரத்தைத் தாண்டும். பையன் பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடைக்குப் போய் ஒரு தேக்குச் சட்டத்தோடு திரும்பினான்.

“சாமி மாடமா தம்பி?” என்றார் ஆசாரி.

“சிபியு அண்ணே.”

“அதுக்கு எதுக்குப்பா தேக்கு? சூடாவுமே?”

கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார். முன்பக்கக் காற்றாடி உள்ளிழுக்கும் காற்றில்தான் இயந்திரம் பிழைக்கிறது. அதனால் தகர உடம்பை, எர்த்தை, எதையும் தொடவில்லை. பிளாஸ்டிக் முகப்பு மட்டும் கழன்றது. சட்டத்தில் இழைப்புளி ஓடியதும் பச்சை பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்து, உள்ளிருந்து தேன் நிறமும் தேக்கு வாசனையும் வந்தன. விரல் பருமனுக்கு ரீப்பராக அறுத்து, முனை மழுக்கி, உப்புத்தாள் போட்டார். இரண்டு பட்டைக்கு நடுவே ஒரே அட்டைத்துண்டை வைத்து வைத்து எடுத்ததில் இடைவெளி இம்மி பிசகவில்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1976-இல் ஆப்பிள்-1 வந்தபோது 666.66 டாலருக்குக் கிடைத்தது வெறும் போர்டுதான்; பெட்டி வாங்கியவர் பாடு. சிலர் மரத்தில் செய்துகொண்டார்கள். 2000 வாக்கில் எங்களுக்கு வந்தது கம்ப்யூட்டர் என்று ஊர் அறிய வேண்டியிருந்தது. இன்று வந்த விருந்தாளி “ஸ்பீக்கரா?” என்று கேட்டால் அக்கா மகனுக்குப் பெருமை.

“அந்த டிவிய வெச்சிருக்கலாம்” என்றாள் அக்கா. வைத்திருந்தாலும் உதவியிருக்காது, அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் பிளைவுட்டும் வெனீரும்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மரம் முகப்போடு நிற்கட்டும். எஸ்எம்பிஎஸ் காற்று வெளிவரும் இடத்தையும் மேல் ஜாலியையும் மூடாதீர்கள். பட்டைக்குப் பின்னால் ஒரு நைலான் வலை போட்டு, மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். எங்கள் ஊர் ஜிஎஸ்டி சாலைத் தூசி தேக்கு, தகரம் என்று பார்க்காது.