எண்ணெய்க் குழாயின் ஆஸ்தான வித்வான்

அலாஸ்காவில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிப் பிழைக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் மரியாதை வரும். அடுத்த நொடி கவலை வரும். "அப்ப வருமானத்துக்கு?" நாற்பது வருஷத்துக்கும் மேலாக இதே கேள்விதான். அன்று உண்மையான பதிலைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சப்படும் வயசைத் தாண்டியாயிற்று.

ஃபேர்பேங்க்ஸுக்கு நான் வந்தது 1977 கோடையில். வடகோடியில் இருக்கும் புரூடோ வளைகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை 1,287 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போட்டு முடித்து, ஜூன் மாதம்தான் எண்ணெயைத் திறந்துவிட்டிருந்தார்கள். குழாய் வேலைக்கு வந்தவர்கள் கட்டுக்கட்டாகச் சம்பளம் வாங்கி, அதில் கணிசமான பங்கை ஊர் மதுக்கடைகளில் விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். காசு புழங்கிய வருஷங்களில் நான் தெற்கே காபிக் கடைகளில் பாடிக்கொண்டிருந்தேன். நான் ஊருக்குள் நுழைந்த நேரம், காசு ஊரைவிட்டுக் கிளம்பிய நேரம்.

குடியிருந்தது தண்ணீர் இணைப்பு இல்லாத மரவீட்டில். அந்த ஊரில் அது ஏழ்மையின் அடையாளம் இல்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள்கூட அப்படி இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். அடிநிலம் வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும் இடத்தில் கிணறு வெட்டுவதும் குழாய் பதிப்பதும் லேசான காரியமில்லை. ஆகவே இருபது லிட்டர் கேன்களில் தண்ணீர் பிடித்து வருவோம். குளிக்க ஊருக்குள் இருக்கும் சலவைக்கடை. கழிப்பறை வெளியே, தனியாக. அதன் இருக்கை மட்டும் பலகை இல்லை. நீல நிற தெர்மாகோல் அட்டையை வளையமாக வெட்டிப் பொருத்தியிருப்போம். மைனஸ் நாற்பதிலும் அது உடம்பில் சில்லென்று ஒட்டாது. மைனஸ் நாற்பது என்றால் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் புள்ளியில் இரண்டு அளவும் ஒன்று.

அந்தக் குளிர்காற்றில் ஈரம் என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. அதை வீட்டுக்குள் விறகடுப்பு வைத்துச் சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும். கிட்டாரின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். ஈரம் போனால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அதனால் சோப்பு டப்பாவில் துளை போட்டு, உள்ளே நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, கிட்டார் பெட்டிக்குள் போட்டுவைப்போம். சுமந்து வந்த தண்ணீரில் முதல் பங்கு கிட்டாருக்கு, அடுத்தது காபிக்கு, மிச்சமிருந்தால் முகத்துக்கு. கச்சேரிக்குப் போன இடத்திலும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. குளிரில் விறைத்த கிட்டாரைச் சூடான அறையில் சட்டென்று வெளியே எடுத்தால் மெருகுப் பூச்சு மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். மூடியபடியே சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கிட்டார் தயாராவதற்குள் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் குடித்து முடித்துக் கிளம்பியிருப்பார்கள்.

இதையெல்லாம் பாட்டாக்கினேன். கழிப்பறைப் பாட்டு, தண்ணீர் கேன் பாட்டு, காலையில் கிளம்ப மறுக்கும் காரின் பாட்டு. கேட்கிறவர்களுக்கும் அதே கழிப்பறை, அதே கேன், அதே கார். விழுந்து விழுந்து சிரித்தார்கள், பல்லவியில் கூடவே பாடினார்கள். தொப்பி சுற்றி வரும்போது அதில் போடத்தான் அவர்களிடம் எதுவும் இல்லை. ஒருவர் மூஸ் இறைச்சிப் பொட்டலம் கொடுத்தார். இன்னொருவர் விறகு இறக்கிவிட்டுப் போனார்.

கோடையில் மட்டும் கொஞ்சம் டாலர் கண்ணில் படும். எஸ்டர் என்ற பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பின் சலூனுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். அவர்கள் கேட்க வந்தது ராபர்ட் சர்வீஸின் கவிதையை, நான் இடைவேளை. சர்வீஸ் விஷயம் சுவாரசியமானது. தங்கம் தேடிப் போய் உறைந்து செத்தவர்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதைகள் 1907இல் புத்தகமாக வந்தன. அப்போது அவர் வைட்ஹார்ஸ் ஊரில் வங்கி எழுத்தர். தங்க வேட்டையின் தலைநகரான டாசனில் அவர் போய்க் குடியேறியதே மறு வருஷம்தான். ஆக, குளிரைப் பாடி நன்றாகச் சம்பாதித்த மனிதர் கணப்படுப்பு எரியும் அறையில் மாதச் சம்பளம் வாங்கியவர்.

எனக்குப் புரவலர் வாய்த்தது 1982இல். எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்க மாநிலம் 1976இலேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி நிரந்தர நிதி ஒன்றை அமைத்திருந்தது. அதன் ஈட்டத்திலிருந்து அலாஸ்காவில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, வருஷத்துக்கு ஒரு முறை பங்கு கொடுப்பது என்று ஆயிற்று. முதல் காசோலை 1,000 டாலர். அந்த வருஷம் தொப்பியில் விழுந்த மொத்தத்தைவிட அதிகம். எண்ணெய்க் கம்பெனியைத் திட்டிப் பாடுகிறவனுக்கும் அதே தொகை. விண்ணப்பத்தில் என்ன பாடுகிறாய் என்ற கேள்வியே கிடையாது. தன்னை வைதவனுக்கும் வருஷம் தவறாமல் பரிசில் அனுப்பிய ராஜா யாராவது உண்டா?

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறைத்திட்டில் ஏறி, ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. கோபத்தில் ஒரு கேசட்டுக்குப் போதுமான பாட்டுகள் எழுதிவிட்டேன். ஸ்டூடியோ வாடகைக்குத்தான் வழியில்லை. இலையுதிர் காலத்தில் அந்த வருஷத்துக் காசோலை வந்தது, 873 டாலர். எண்ணெய்க்கு எதிரான கேசட்டை எண்ணெயே பதிவு செய்து கொடுத்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால், நான் நினைக்க வேண்டியது ஓர் எஃகுக் குழாயை. அதன் ஓரமாகக் கார் ஓட்டிப் போகும்போது லேசாகத் தலையசைப்பேன்.

ஏப்ரல் என்றால் ஜூனோ. அலாஸ்கா நாட்டுப்புற இசை விழா அங்கே 1975இல் தொடங்கியது. அனுமதி இலவசம். மேடை ஏறும் ஒவ்வொருவருக்கும் 15 நிமிஷம். ஊரறிந்த பாடகருக்கும் போன மாதம் பான்ஜோ வாங்கியவருக்கும் வித்தியாசமில்லை. சன்மானத்திலும் வித்தியாசமில்லை: அழைப்பில் வரும் சிறப்பு விருந்தினரைத் தவிர யாருக்கும் எதுவும் இல்லை. ஜூனோ மாநிலத் தலைநகரம், ஆனால் அதற்குச் சாலை கிடையாது. ஃபேர்பேங்க்ஸிலிருந்து கனடாவுக்குள் புகுந்து, மறுபடி அமெரிக்காவுக்குள் வந்து, ஹெயின்ஸ் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அங்கிருந்து கப்பல். எல்லாம் அந்தக் கால் மணி நேரத்துக்கு. உண்மையான விழா கப்பலிலேயே முடிந்துவிடும். எதிர் நாற்காலிக்காரர் ஃபிடிலை எடுத்தால் ஜூனோ வரும் வரை ஓயாது. 2019 பட்ஜெட்டில் கப்பல் சேவைக்குப் பெரிய வெட்டு விழுந்தது. இப்போது பலரும் விமானத்தில் போகிறார்கள். விமானத்தில் யாரும் பான்ஜோ வாசிப்பதில்லை. மற்றப் பயணிகளிடம் இதைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை.

நாட்டுப்புறப் பாடகன் என்று என் போஸ்டரில் இருக்கும். நாங்களோ தெற்கிலிருந்து கிட்டாரோடு வந்து இறங்கியவர்கள். இந்த மண்ணின் நாட்டுப்புற இசை வேறு மண்டபத்தில் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. ஹட்சன் பே கம்பெனி வியாபாரிகள் 1847இல் ஃபோர்ட் யூகானில் கடை போட்டார்கள். அவர்கள் வழியாக வந்த ஃபிடிலை அங்குள்ள க்விச்சின் பூர்வகுடி மக்கள் எடுத்துத் தங்கள் காலடிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1983 முதல் நவம்பரில் ஃபேர்பேங்க்ஸில் அதற்கென்றே விழா. கிராமங்களிலிருந்து சின்ன விமானங்களில் வந்திறங்கி, பாட்டியும் பேத்தியும் ஒரே தளத்தில் ஆடுவார்கள். குளிர் எவ்வளவு கொடியது என்று அங்கே யாரும் விளக்கிப் பாடி நான் கேட்டதில்லை.

இன்று என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, வெந்நீரும் வருகிறது. கழிப்பறை உள்ளேயே. கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் ஈரப்பதக் கருவி ஃபோனுக்குச் செய்தி அனுப்புகிறது. நானும் குளிரும் சந்திப்பது வாசலுக்கும் கார் கதவுக்கும் நடுவில் மட்டும். இந்த நேரம் பார்த்துத்தான் குளிருக்கு நல்ல விலை வந்திருக்கிறது. முன்பெல்லாம் கோடையில் மட்டும் தலைகாட்டிய சுற்றுலாக்காரர்கள் இப்போது நடுக்குளிர்காலத்திலும் வருகிறார்கள், அரோரா எனும் வடதுருவ ஒளியைப் பார்க்க. அது எப்போது தோன்றும் என்று சொல்ல முடியாது. நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க ஏதாவது வேண்டுமே. ஒரு விடுதியில் நான்தான் அந்த ஏதாவது.

கழிப்பறைப் பாட்டுக்கு இன்றும் முதலிடம். என்ன, அந்தக் கழிப்பறையை விளக்க ஐந்து நிமிஷம் ஆகிறது, பாட்டு மூன்று நிமிஷம். "இப்பவும் அப்படித்தான் இருக்கீங்களா?" என்று ஓர் அம்மா பதறிப்போய்க் கேட்டார். தரைக்கடியில் வெந்நீர் ஓடிச் சூடேற்றும் என் வீட்டை நினைத்துக்கொண்டு, "பழகிடுச்சும்மா" என்றேன். பொய்யில்லை. வெந்நீர் நன்றாகவே பழகிவிட்டது.

இரண்டாவது சரணத்தில் எங்கோ ஒரு ஃபோன் சிணுங்கும். அரோரா எச்சரிக்கைச் செயலி. அடுத்து இன்னொன்று, பிறகு வரிசையாக. நாற்காலிகள் நகரும், கோட்டு ஜிப்புகள் மேலேறும், கதவு திறக்கும். மூன்றாவது சரணம் மதுக்கடைப் பையனுக்கு மட்டும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் பச்சையாக எரியும்போது, கிட்டாரில் மூன்று கார்டு தெரிந்த ஒருவன் என்ன போட்டி போடுவது?

பாட்டுகள் இணையத்திலும் இருக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு விதி: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடாத பாட்டுக்குப் பங்கு கிடையாது. எக்ஸான் கேசட் பாட்டுகள் எதுவும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆக, அவற்றுக்குக் காசு கொடுத்த ஒரே ரசிகர் இன்றுவரை எண்ணெய்தான். அந்தப் புரவலரும் இப்போது நொடித்துப்போயிருக்கிறார். 2022இல் 3,284 டாலர் கொடுத்தவர், 2025இல் 1,000 கொடுத்தார். 1982இல் கொடுத்த அதே ஆயிரம். விலைவாசிப்படி பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

2021 கிறிஸ்துமஸை ஒட்டி ஃபேர்பேங்க்ஸில் மழை கொட்டியது. டிசம்பரில் மழை. பெய்தது அப்படியே சாலையில் கட்டியாக உறைந்து மாதக்கணக்கில் கிடந்தது. அன்று விடுதியில் மாட்டிக்கொண்டவர்களோடு நானும் மாட்டிக்கொண்டு, கூரையில் மழை தாளம் போட, மைனஸ் நாற்பதைப் பற்றிப் பாடினேன். வானம் முழுக்க மேகம். ஒரு ஃபோனும் சிணுங்கவில்லை. மூன்றாவது சரணம் வரை இருந்தார்கள். எண்ணெய்ப் பாட்டைக்கூட முழுசாகக் கேட்டார்கள்.

அடுத்த ஒப்பந்தம் போடும்போது, மேகமூட்டமான இரவுகளுக்குக் கூலியைக் கூட்டித் தரச் சொன்னேன். மேலாளர் நல்ல பையன், சிரித்துவிட்டான். "மேகம் இருந்தா எங்களுக்கே நஷ்டம் சார். காசைத் திருப்பிக் கேட்டு வரிசையில நிப்பாங்க." அந்த வரிசையை உட்காரவைத்துப் பாடுவது யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். ஒன்றரை மடங்கு கூலி, ராத்திரிச் சாப்பாடு தனி என்று முடிந்தது. இப்போது நானும் ஃபோனில் அந்தச் செயலியை ஏற்றி வைத்திருக்கிறேன். நான் பார்ப்பது மேக வரைபடத்தை மட்டும்.