நான்கு மெகாபைட் வள்ளல்களுக்கு ஒரு பாராட்டுரை

பெருமதிப்பிற்குரிய ரவுட்டர் கம்பெனியாரே,

உங்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வெகுநாள் ஆசை. துணியின் அகலத்தையும் பாதியாகக் குறைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் தள்ளிப்போட்டேன்.

அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே உங்கள் தாராளம் தெரிகிறது. 300 எம்பிபிஎஸ் வேகம், ஆன்டெனாக்களின் எண்ணிக்கை, எல்லாம் கொட்டை எழுத்தில். உள்ளே ஃப்ளாஷ் எவ்வளவு, ரேம் எவ்வளவு என்பது மட்டும் எந்த மூலையிலும் இல்லை. வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். நீங்கள் கொடுத்தது காசு கொடுத்து வாங்கியவனுக்கே தெரிவதில்லை. அப்பேர்ப்பட்ட அடக்கம்!

இந்த அடக்கத்துக்கு வரலாறு உண்டு. 2002 கடைசியில் லிங்க்சிஸ் விட்ட டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடியது. உரிமத்தின்படி மூல நிரலை வெளியிடு என்று திறமூல ஆர்வலர்கள் கேட்டுக் கேட்டு 2003இல் வாங்கினார்கள். அதிலிருந்து 2004இல் பிறந்தது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருள். அந்த ரவுட்டரில் அப்போது 4 எம்பி ஃப்ளாஷ், 16 எம்பி ரேம். அதுவே அதிகம் என்று லிங்க்சிஸுக்குத் தோன்றியது போலும். 2005இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது லினக்ஸைத் தூக்கிவிட்டு, ஃப்ளாஷை 2 ஆகவும் ரேமை 8 ஆகவும் நறுக்கினார்கள். பெயர் அதே, பெட்டி அதே. பழைய அளவு வேண்டுமென்றால்? ‘எல்’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்துத் தனி மாடலாக விற்றார்கள். அந்த 2 எம்பிக்குள்ளும் டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு மாற்று ஃபர்ம்வேரின் மைக்ரோ பதிப்பைத் திணித்துக் காட்டிய பிடிவாதக்காரர்களும் உண்டு. அவர்களுக்குப் பொன்னாடை யாரும் போர்த்தவில்லை.

டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஆர்841என் இன்னும் ரசமானது. பல பதிப்புகளாக 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ரேமும். பதின்மூன்றாம் பதிப்பில் மனம் இளகி 8, 64. பதினான்காம் பதிப்பில் மறுபடி 4, 32. எது கையில் இருக்கிறது என்று அறிய ரவுட்டரைக் குப்புறப் போட்டு, ஸ்டிக்கரில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். கடைக்காரர் பெட்டியைப் பிரிக்க விட மாட்டார்.

இதற்கு நடுவே ஒரு நகைச்சுவை. மின்காந்த அலைவரிசை விதிமீறலுக்காக 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துடன் 2 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வெளியார் ஃபர்ம்வேருக்கு வழிவிடுவோம் என்றும் ஒப்புக்கொண்டது. கதவைத் திறந்தார்கள், சரி. உள்ளே நிற்க இடம்? பதினான்காம் பதிப்பு அதற்குப் பிறகு வந்ததுதான்.

போதும், பொன்னாடையைக் கழற்றுங்கள்.

4 எம்பி என்றால் என்னவென்று உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். கர்னலும் சுருக்கிக் கட்டிய கோப்பு அமைப்பும் உட்கார்ந்த பிறகு, பயனர் மாற்றும் அமைப்புகளை எழுத மிச்சம் இடம் வேண்டும். அது இல்லையென்றால் வைஃபை பாஸ்வேர்டு கூட ரேமில்தான் தங்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். 32 எம்பி ரேமில் நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்த்தால், நினைவகம் தீர்ந்து கர்னலே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று பிழைக்கும். புதிய ஃபர்ம்வேர் ஏற்றலாம் என்றால், அந்தக் கோப்பு முதலில் வந்து இறங்க வேண்டியதும் அதே ரேமில்தான்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் தன்னார்வலர்கள் கர்னலைச் சுரண்டினார்கள், வசதிகளைப் பிடுங்கினார்கள், நிர்வாகப் பக்கத்தையே கழற்றினார்கள். 2022இல் தங்கள் 19.07 வரிசையோடு 4/32 ரவுட்டர்களுக்கு விடை கொடுத்தார்கள். 21.02 முதல் குறைந்தது 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம். நிம்மதியாக ஓட்ட 16ம் 128ம். உடனே வசவு யாருக்கு விழுந்தது? உங்களுக்கு இல்லை. சம்பளமில்லாமல் வேலை செய்தவர்களுக்கு. “என் ரவுட்டரை ஏன் கைவிட்டீர்கள்?” கைவிட்டது யார், ஐயா? நாலு வருடத்தில் மூச்சுமுட்டும் என்று தெரிந்தே சில்லறைக் காசை மிச்சம் பிடித்து, அந்தச் சிப்பைப் பலகையில் பற்றவைத்தது யார்?

வைஃபை பூட்டையே உடைக்கும் ‘கிராக்’ ஓட்டை 2017 அக்டோபரில் வெளியானபோது திறமூலத்தார் சில நாட்களில் திருத்தம் கொடுத்தார்கள். உங்களில் பலர் பழைய மாடல்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்தது. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்க எஃப்பிஐ வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. திருத்தி அனுப்ப வேண்டிய பொறுப்பு உங்களுடையது. சுவிட்சைத் தட்டும் வேலை எங்களுடையது.

கடைசியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களே ரவுட்டரும் செய்ய வேண்டியதாயிற்று. 2024இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் பலகையில் ரேம் 1 ஜிபி, ஃப்ளாஷ் 256 எம்பி. ஃபர்ம்வேர் கெட்டால் மீட்டெடுக்கத் தனியாக 16 எம்பி வேறு. எதற்கு இவ்வளவு என்று உங்கள் கணக்குப்பிள்ளை திகைப்பார். வாங்கியவன் அடுத்த வருடமே திரும்பக் கடைக்கு வர வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.