தண்ணி தானாப் போயிடும் சார்

சென்னையில் வீடு கட்ட நினைப்பவர் ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே மனை பார்க்கப் போக வேண்டும். அப்போது பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நவம்பரில் போனால் மனத்தைக் கெடுக்கும் காட்சிகள் கண்ணில் படும். பக்கத்தில் கோரை முளைத்திருக்கிறதே, நாமக்கோழி நீந்துகிறதே என்று புரோக்கரைக் கேட்காதீர்கள். "இயற்கைச் சூழல் சார்" என்பார். அதற்கும் சேர்த்தே சதுர அடி விலை சொல்லியிருப்பார். சதுப்பில் கட்டலாமா என்று உறுத்தினால் ஓர் ஆறுதல் உண்டு. கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்களே அங்கேதான் வளாகம் கட்டி உட்கார்ந்திருக்கின்றன. மாநகராட்சி தன் பங்குக்கு ஒரு குப்பைமலையே வளர்த்துவிட்டது. இத்தனையும் போக மிஞ்சிய துண்டுக்கு 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்தோம். பெருமைதான்.

நீர்நிலையில் கட்டுவது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நீரின்றி உலகம் அமையாது என்று சொன்னவருக்கு நினைவிடம் கட்ட ஓர் ஏரியைத் தேர்ந்தெடுக்கும் ரசனை வேறு யாருக்கு வரும்? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவுக்குக் குறையில்லை, எதிர்வீட்டு பால்கனி நன்றாகவே தெரியும்.

மனை முடிந்தால் மொட்டைமாடி. தளத்துக்கு வாட்டம் எந்தப் பக்கம் என்ற கேள்வியை மேஸ்திரியிடம் எழுப்பாதீர்கள். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி தானாப் போயிடும் சார்" என்பார். அது போகும், உங்கள் படுக்கையறைச் சுவர் வழியாக. இரண்டு வருடத்தில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரியும்போது, அதற்கென்றே விளம்பரத்தில் வரும் வாட்டர் ப்ரூப் டப்பாவை வாங்கித் தடவினால் போயிற்று. தண்ணீரைச் சுவருக்கு வெளியே விட்டிருந்தால் ஒரு குழாயோடு தீர்ந்திருக்கும் வேலைதான். ஆனால் குழாய் தெருவிலிருந்து பார்த்தால் எலிவேஷனைக் கெடுக்கும்.

குழாய் வைத்தே தீருவேன் என்கிறவர்கள் அதன் வாயைப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுப் பக்கம் திருப்பி வைக்கலாம். அவருடைய குழாய் உங்கள் பக்கம் பார்த்திருக்கும், கணக்கு நேர். சண்டை வேண்டாம் என்னும் சாத்வீகர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, இரவோடு இரவாகக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் செருகிவிடுவது. ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் விழும். அது முழுசாக ஒரு டேங்கர் லாரி. தெருவில் நாற்பது வீடு இருந்தால் நாற்பது லாரி, கக்கூஸ் தண்ணீருக்கு என்று போட்ட குழாயில். பிறகு மேன்ஹோல் மூடி தெருவில் மிதக்கும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரின் கழிப்பறையில், தெருவே கழித்ததெல்லாம் எதிர்த்துக்கொண்டு மேலே வரும். வந்தால் என்ன? நீங்கள் மாடியில்தானே இருக்கிறீர்கள். மே மாதம் அதே டேங்கருக்கு போன் போட்டு, வரவில்லை என்று கத்துவதற்கும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மழைநீர் சேகரிப்பு என்று ஒன்று 2003இல் கட்டாயம் ஆனது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று அரசு மிரட்ட, ஊரே பயந்து பி.வி.சி. குழாய் வாங்கியது. குழாய் இன்னும் இருக்கிறது. அது இறங்கும் இடத்தில் குழி இருக்கிறதா, குழியில் ஜல்லி இருக்கிறதா என்று குனிந்து பார்க்காதவரைக்கும் திட்டம் அமோக வெற்றி. புதிதாகக் கட்டுகிறவர்கள் குழாயை ஒரு சாண் மண்ணில் நட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணி நிறைவுச் சான்றிதழுக்கு அது போதும். மண்ணுக்குள் இறங்கிப் பார்க்கிற அதிகாரி இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அடுத்தது தரைமட்டம். வீட்டைத் தெருவைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021இல் உத்தரவு போட்டார். அந்த உத்தரவின் மேலேயே தார் ஊற்றிய தெருக்கள் எத்தனையோ. ஆகவே சில வருடங்களில் உங்கள் வாசற்படி தெருவுக்குக் கீழே போயிருக்கும். கவலை எதற்கு? வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்துத் தூக்கித்தர வெளிமாநிலத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். நீங்கள் தூக்கினால் எதிர்வீட்டுக்காரர் தூக்குவார், அப்புறம் மாநகராட்சி சாலையைத் தூக்கும். தூக்கக் காசில்லாத ஓட்டுவீட்டுக் கிழவியின் அடுப்பில் எல்லோருடைய தண்ணீரும் வந்து நிற்கும். அவள் முன்கூட்டியே யோசித்துப் பணக்காரியாகப் பிறந்திருக்க வேண்டும்.

அனுமதி வாங்கியது இரண்டு மாடிக்கு, கட்டியது நாலு மாடியா? பொறுமை காக்கவும். 1999 பிப்ரவரிவரை விதிமீறிக் கட்டியதைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த ஒரு சட்டத்திருத்தம் வந்தது. பிறகு 2007 ஜூலைவரை கட்டியதற்கு இன்னொன்று. அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017இல் தனியாக ஒரு திட்டம். இந்த நாட்டில் ஹெல்மெட் போடாதவனுக்கு மன்னிப்பில்லை, வாய்க்காலை மறித்தவனுக்கு ரசீது உண்டு. விதியை மதித்துப் பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டினானே ஒருவன், அந்தப் பைத்தியக்காரனுக்கு எந்த அரசும் இதுவரை ஒரு ரூபாய் திருப்பித் தந்ததில்லை.

கட்டடமே சரிந்துவிட்டால்? வானம் இருக்கிறது, பழி போட. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி மழையோடு மழையாகச் சரிந்து 61 பேர் செத்தார்கள். கட்டிய தரப்பு மின்னல் விழுந்திருக்கலாம் என்றது. மறு வருடம் டிசம்பரில் ஊர் மூழ்கியபோது ஆட்சியாளர்களுக்கும் வானம்தான் கை கொடுத்தது: வரலாறு காணாத மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது உண்மை. ஏரிக்குள் வீடு கட்ட வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதும் மேகம்தானா? மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று கணக்குத் தணிக்கைத் துறை எழுதி வைத்தது. எழுதிய தாள் பத்திரமாக, மேல் தளத்தில், நனையாமல் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு குடும்பத்துக்கு ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அடுத்த முறையும் கொடுப்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கி, அதோடு கொஞ்சம் போட்டு ஒரு நல்ல மோட்டார் வாங்குங்கள். வீட்டுக்குள் நிற்கிற தண்ணீரை இறைத்து எங்கே விடுவது என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். தெருவில் இன்னும் ஜாக்கி வைக்காத வீடு எது என்று உங்களுக்கே தெரியும்.