டொக்டர் ஓடின கார்

பதினைந்து வயசுப் பிரிமியோ கார் ஒன்றைப் பார்க்க ஐயாவும் மெக்கானிக் அண்ணையும் நானும் கொக்குவிலுக்குப் போனோம். பொனற்றைத் திறந்தால் எஞ்சின் பளபளப்பு. மூலையில் கழுவின ஈரம் காயவில்லை. மீற்றர் 62,000 என்றது. வழுவழுவென்று தேய்ந்த பிரேக் பெடல் வேறு கணக்குச் சொன்னது.

“டொக்டர் ஓடினது தம்பி” என்றார் விற்கிறவர்.

யாழ்ப்பாணத்தில் விலைக்கு வருகிற கார் எல்லாம் டொக்டர் ஓடினதுதான். நோயாளிகளைத்தான் காணோம்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய கார்களுக்கு வயசோடு விலையும் ஏறியது. 2025 இல் திறந்தார்கள், வரியோடு. ஆனால் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் காட்டினால் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் காரிடம் மீற்றர் ஓடுதா என்று ஆரும் கேட்டதில்லை.

மெக்கானிக் அண்ணை கதவு ரப்பரை இழுத்து வெல்டிங் தழும்பைக் காட்டினார். ஐயா அதைப் பார்க்கவில்லை. பின் சீற்றில் சாய்ந்திருந்தார்.

“ஏசி நல்லாயிருக்கு. எடுப்பம்.”